பாரம் அறிந்து டயர் வாங்குவோம்

சென்ற மாம்பருவத்தில் ஒரு நாள் முற்பகல், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், சூளகிரிக்கு அருகே ஒரு பிக்கப் வண்டி சாலையோரமாகச் சாய்ந்து நிற்பதைக் கண்டோம். இடப்புறப் பின்சக்கரத்தின் டயர் வெடித்துக் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மாங்காய்ப் பெட்டிகள் ஒருபுறமாகச் சரிந்து, கட்டிய கயிற்றின் பலத்தால் மட்டுமே விழாமல் நின்றன. ஓட்டுநர் வயதில் இளையவர். அடி ஏதும் படவில்லை என்றாலும் கை நடுக்கம் இன்னும் தீரவில்லை.

“இந்த டயர் போட்டு எத்தனை நாளாயிற்று தம்பி?” என்று வினவினோம்.

“மூன்று மாதம்கூட ஆகவில்லை ஐயா. பட்டன் அப்படியே இருக்கிறது, பாருங்கள்” என்றார்.

அவர் கூறியது உண்மையே. பட்டன் தேயவில்லை. ஆனால் டயரின் பக்கச் சுவரில் இருந்த எழுத்துக்களைப் படித்தபோது காரணம் விளங்கிற்று. அது காருக்கென்று செய்யப்பட்ட டயர். சக்கரத்தின் அளவுக்குப் பொருந்தியது. சுமக்கவேண்டிய பாரத்திற்குப் பொருந்தவில்லை. விலை மலிவு என்று வண்டியின் உரிமையாளர் வாங்கிக் கொடுத்தாராம். அன்று வழக்கத்தைக் காட்டிலும் இருபது பெட்டிகள் கூடுதலாக ஏற்றியிருந்தார்கள். “இதற்காக இன்னொரு நடை எதற்கு என்று தோட்டக்காரர் சொன்னார் ஐயா” என்றார் அந்த இளைஞர்.

அந்தத் தோட்டக்காரர் யாரோ அல்லர். நம்மைப் போன்ற ஒரு விவசாயியே. ஆகவே இந்தக் கட்டுரை வண்டி வைத்திருப்போருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. வாடகை வண்டியில் சரக்கு ஏற்றும் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் இதில் பங்கு உண்டு.

நமது வட்டாரமும் பிக்கப் வண்டியும்

முன்னாளில் சந்தைக்கு மாட்டு வண்டி செய்த வேலையை இன்று பிக்கப் வண்டி செய்கிறது. இராயக்கோட்டைத் தக்காளியும், ஓசூர் ரோஜாவும், கிருஷ்ணகிரி மாங்காயும், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காய்கறிகளும், பட்டுக்கூடுகளும், நெசவாளர் சங்கங்களின் நூல்கட்டுகளும் சேலைப் பொதிகளும் இவ்வண்டிகளிலேயே செல்கின்றன. இவற்றைச் செய்யும் தொழிலிலும் நமது வட்டாரத்திற்குப் பங்கு உண்டு. 1980-ஆம் ஆண்டு முதல் ஓசூரில் இயங்கிவரும் அசோக் லேலண்டு தொழிற்சாலையிலிருந்து ‘தோஸ்த்’ என்னும் சிறு சரக்கு வண்டி 2011-இல் வெளிவரத் தொடங்கியது.

இங்கே டயர் படும் பாடு சமவெளியில் படும் பாட்டைவிட அதிகம். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 500 மீட்டர் உயரத்திலும், ஓசூர் 900 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்திலும் உள்ளன. ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்தில் அவ்வளவு உயரமும் பாரத்துடன் ஏறவேண்டும். தெற்கே சேலம் செல்வோர் தொப்பூர்க் கணவாயில் பாரத்துடன் இறங்கவேண்டும். ஓசூரில் விடியற்காலைக் குளிரில் புறப்பட்ட வண்டி, கோடை நண்பகலில் கொதிக்கும் தார்ச்சாலையில் ஓடுகிறது. தோட்டத்து வண்டிப்பாதையிலோ கல்குவாரிகளின் கூரிய சில்லுகள் கிடக்கின்றன. ஏற்றம், இறக்கம், வெப்பம், கல் ஆகிய நான்கையும் தாங்கவேண்டிய டயரை விலை ஒன்றை மட்டும் கேட்டு வாங்குவது அறிவுடைமை ஆகாது.

டயரும் நெய்த துணியே

டயர் முழுவதும் ரப்பர் என்றே பலர் எண்ணுகின்றனர். பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. அக்காற்றைச் சிதறவிடாமல் பிடித்து நிற்பது ரப்பருக்குள் பொதிந்துள்ள கயிற்றுத் துணி. நமது நெசவாளர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். இத்துணியில் பாவு நெருக்கமாகவும் முறுக்கேறியதாகவும் இருக்கும். ஊடையோ, பாவு இழைகள் கலையாமல் இருப்பதற்காக மட்டும் மிக மெல்லியதாக அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடும். ஆதியில் இந்த இழை பருத்தியாக இருந்தது. பின்னர் ரேயான், நைலான், பாலியெஸ்டர் என்று மாறிற்று. ரப்பர்ப் பாலோ கேரளத்திலும் நமது கன்னியாகுமரி மாவட்டத்திலும் விவசாயிகள் வடித்தெடுப்பது. விவசாயியும் நெசவுக்கலையும் சேர்ந்து உண்டாக்கிய பொருள் டயர் என்றால் அது மிகையாகாது.

நமது கடைகளில் ‘நைலான் டயர்’ என்று சொல்லப்படுவதில் துணி அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் சாய்ந்து செல்கின்றன. சக்கரம் உருளும்போது இவ்வடுக்குகள் ஒன்றையொன்று உராய்ந்து சூடேறுகின்றன. ‘ரேடியல் டயரில்’ இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்கின்றன; பட்டனுக்குக் கீழே எஃகுக் கம்பிப் பட்டைகள் சுற்றிவருகின்றன. ஆதலால் சூடு குறைவு, தேய்மானம் குறைவு, எரிபொருள் செலவும் குறைவு. ஆனால் ரேடியலின் பக்கச் சுவர் மெல்லியது; கூரிய கல் பக்கவாட்டில் குத்தினால் கிழிபடும். நாள் முழுவதும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு ரேடியலே ஏற்றது. பெரும்பாலும் கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில் மெதுவாக ஓடும் வண்டிக்கு, அதனைச் செய்த நிறுவனம் அனுமதித்திருந்தால், நைலான் டயரும் பயன்படும். ஒரே அச்சில் ஒருபுறம் ரேடியலும் மறுபுறம் நைலானும் போடுவது மட்டும் ஒருபோதும் கூடாது.

முதலில் பழைய டயரைப் படியுங்கள்

புதிய டயர் வாங்கப் புறப்படுமுன் பழைய டயரைக் கழற்றிக் கவனமாகப் பாருங்கள். அது தேய்ந்த விதமே ஒரு கணக்குப் புத்தகம்.

இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால், காற்றுக் குறைவாகவோ பாரம் அதிகமாகவோ ஓடியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேர்மை தவறியிருக்கிறது. வீல் அலைன்மெண்ட் பார்க்கவேண்டும். அங்கங்கே திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால் பிரேக்கையோ, ஷாக் அப்சார்பரையோ, சக்கரத்தின் சமநிலையையோ சோதிக்கவேண்டும். இக்குறைகளை நீக்காமல் புதிய டயர் போட்டால், பழையது போன வழியிலேயே புதியதும் போகும்.

டயரை எப்போது மாற்றுவது என்பதற்குச் சட்டமே எல்லை வகுத்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இத்தகைய வண்டிகளில் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இதைக் காட்டுவதற்காகவே பட்டன் பள்ளங்களுக்கு நடுவில் சிறு மேடுகள் வைக்கப்பட்டுள்ளன. பட்டன் தேய்ந்து அம்மேட்டுடன் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்காலத்தில் அதற்கும் முன்பே மாற்றிவிடுவது நலம்.

சுவரில் எழுதியிருப்பது என்ன?

வண்டிக்கு உரிய டயர் அளவும் காற்றளவும் ஓட்டுநரின் கதவோரத்தில் உள்ள தகட்டிலோ ஒட்டுச்சீட்டிலோ, வண்டியுடன் வந்த கைப்புத்தகத்திலோ எழுதப்பட்டிருக்கும். கடைக்குச் செல்லுமுன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு இருந்த டயரைப் பார்த்து அதே அளவைக் கேட்பது போதாது. முன்பு போட்டவரே தவறாகப் போட்டிருக்கலாம்.

எடுத்துக்காட்டாக, ஒரு டயரில் ‘185 ஆர் 14 எல்டி, 8 பிஆர், 102/100 க்யூ’ என்ற பொருள்பட ஆங்கில எழுத்துக்கள் இருப்பதாகக் கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். ‘ஆர்’ என்பது ரேடியல். 14 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். ‘எல்டி’ என்பது இது இலகு சரக்கு வண்டிக்கு உரியது என்பதற்கு அடையாளம். சில டயர்களில் இதற்கு மாறாக ‘சி’ என்ற எழுத்து இருக்கும். ‘8 பிஆர்’ என்பதை நமது ஓட்டுநர்கள் எட்டு ப்ளை என்பார்கள். உள்ளே எட்டு அடுக்குத் துணி இருக்கிறது என்று இதற்குப் பொருளன்று. அது பலத்தைக் குறிக்கும் ஓர் அளவுகோலே.

எல்லாவற்றினும் முக்கியமானது 102/100 என்ற எண். இதுவே பாரக் குறி. முதல் எண் ஒற்றைச் சக்கரத்திற்கும், இரண்டாவது எண் இரட்டைச் சக்கரத்திற்கும் உரியது. இவ்வெண் கிலோகிராம் அன்று. அதற்குரிய எடையை அட்டவணையில் காணவேண்டும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 102 என்றால் 850, 104 என்றால் 900, 106 என்றால் 950, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120 கிலோ. இறுதியில் வரும் ‘க்யூ’ வேகக் குறி. மணிக்கு 160 கிலோமீட்டர் வரை என்று பொருள். அவ்வேகத்தில் பாரவண்டியை ஓட்டலாம் என்று எவரும் கருதவேண்டாம்.

இவற்றுடன் மேலும் இரண்டைப் பாருங்கள். ஒன்று, ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2009-இல் மத்திய அரசு பிறப்பித்த தரக்கட்டுப்பாட்டு ஆணை மோட்டார் டயர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. மற்றொன்று, டயர் செய்யப்பட்ட காலம். நீள்வட்டத்திற்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ரப்பர் கிடங்கில் கிடந்தாலும் முதுமை அடையும். ஆண்டுகள் பல கடந்த டயரைத் தள்ளுபடி விலைக்குக் கொடுத்தால், தள்ளுபடியின் காரணத்தை அந்த நான்கு இலக்கங்களில் தேடுங்கள்.

ஒரு சிறு கணக்கு

பாரக் குறியின் அருமையை ஒரு கணக்கினால் உணரலாம். உரிய அளவு சரக்கு ஏற்றிய ஒரு பிக்கப்பின் பின் அச்சில் 1,600 கிலோ இறங்குவதாகக் கொள்வோம். பின்னால் இரண்டே சக்கரங்கள். ஒவ்வொன்றின்மீதும் 800 கிலோ. 102 என்ற குறியுள்ள டயர் 850 கிலோ தாங்குமாதலால் கவலையில்லை. இப்போது பெட்டிக்கு 25 கிலோ வீதம் இருபது பெட்டிகளைக் கூடுதலாக ஏற்றுகிறோம். மொத்தம் 500 கிலோ. அதில் 400 கிலோ பின் அச்சிலேயே விழுகிறது என்றால், அச்சில் 2,000 கிலோ. ஒவ்வொரு டயரிலும் 1,000 கிலோ. தாங்கும் எல்லையை 150 கிலோ கடந்துவிட்டோம்.

அந்தக் கணமே டயர் வெடித்துவிடாது. அதுவே நம்மை ஏமாற்றுகிறது. அதிகப் பாரத்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. மடங்குந்தோறும் சூடு பிறக்கிறது. சூட்டினால் ரப்பரும் துணியும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. பத்து நடை தாங்கிய டயர் பதினோராவது நடையில், வெயிலில், வேகத்தில் கிழிகிறது. அதற்குக் காரணம் அன்று ஏற்றிய பாரம் மட்டுமன்று. முன்பு ஏற்றிய பத்துப் பாரங்களும் அதில் சேர்ந்தவையே.

‘அப்படியானால் இன்னும் பலமான டயர் போட்டு, இன்னும் அதிகமாக ஏற்றலாமே’ என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். கூடாது. டயர் பலப்பட்டாலும் அச்சும், பட்டையும், பிரேக்கும் பழையனவே. தொப்பூர் இறக்கத்தில் வண்டியை நிறுத்தவேண்டியது பிரேக். மேலும், 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் ரூ.20,000 அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000 வீதமும் விதிக்கிறது. மிகுதிச் சரக்கை இறக்கும் செலவும் நம்மையே சாரும். இருபது பெட்டிக்கு மிச்சப்படுத்தும் வாடகை எங்கே, இத்தொகை எங்கே!

எல்லாச் சரக்கும் ஒன்றன்று என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும். பட்டுக்கூடு வண்டியை நிரப்பினாலும் எடை குறைவு. மாங்காயும் தக்காளியும் பாதி வண்டியிலேயே எடை காட்டிவிடும். ஆதலால் கண்ணால் அளக்காமல், பருவத்திற்கு ஒரு முறையாவது முழுப் பாரத்துடன் எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினால் பின் அச்சின் எடையும் தெரிந்துவிடும். எந்த டயர் வாங்குவது என்பதை அந்தச் சீட்டே கூறிவிடும்.

மலிவு எது?

டயரின் விலை கடையில் கொடுப்பதன்று. கிலோமீட்டருக்கு ஆகும் செலவே உண்மை விலை. விளக்கத்திற்காக ஒரு கணக்குச் சொல்வோம். ரூ.4,500 விலையுள்ள டயர் 25,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 18 காசு. ரூ.6,000 விலையுள்ள டயர் 40,000 கிலோமீட்டர் ஓடினால் 15 காசு. நான்கு டயர்களுக்கும் சேர்த்து, 40,000 கிலோமீட்டரில் ரூ.4,800 மிச்சமாவது விலை கூடிய டயரிலேதான். எந்த டயர் எத்தனை தூரம் ஓடும் என்பதை விளம்பரத்தால் அறிய முடியாது. எழுதிவைத்த குறிப்பினால் மட்டுமே அறியலாம்.

பழைய டயர்களைப் புதுப்பிக்கும் ரீட்ரேடிங் தொழில் நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1952-இல் இத்தொழிலுக்குரிய ரப்பர்ப் பட்டையைச் செய்யத் தொடங்கி, 1961-இல்தான் டயர் உற்பத்தியில் இறங்கியது. உடற்கூடு பழுதில்லாத பெரிய லாரி டயர்களுக்கு இம்முறை சிக்கனமானதே. பிக்கப்பிலோ ஒவ்வொரு மூலையிலும் ஒற்றைச் சக்கரம். ஒன்று போனால் தாங்க மற்றொன்று இல்லை. புதிய டயரின் விலையும் லாரி டயரைவிடக் குறைவாதலால் மிச்சமாவது சொற்பம். முன்சக்கரங்களில் இத்தகைய டயரை அறவே தவிர்க்கவேண்டும். மொட்டையான டயரில் கத்தியால் புதுப் பள்ளம் வெட்டி விற்பதும் உண்டு. பள்ளத்தின் அடியில் துணியிழை தெரிந்தால் அதைக் கையாலும் தொடாதீர்கள்.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் புதிய டயர்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பில் வாங்கும்போது இந்த வரிவிகிதத்தைப் பாருங்கள். பில் இல்லாமல் வாங்கினால், டயரில் குறை இருந்தால் உத்தரவாதம் கேட்க வழியிராது.

போட்ட பின்னர் செய்யவேண்டியவை

காற்றை வாரம் ஒரு முறை, வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அளக்கவேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் காற்றழுத்தம் கூடித்தான் காட்டும். வெயிலுக்குப் பயந்து அப்போது காற்றை இறக்குவது நமது ஓட்டுநர்கள் பலர் செய்யும் பெருந்தவறு. காற்றுக் குறைந்தால் டயர் மேலும் மடங்கி, மேலும் சூடேறும். எதற்குப் பயந்தோமோ அதையே வரவழைத்துக்கொள்வோம்.

இரண்டு டயர்கள் மட்டும் வாங்க இயலுமானால், ஒரே அச்சில் ஒரே வகையாகப் போடுங்கள். பட்டன் ஆழமான டயர்களைப் பின்னால் போடும்படி உற்பத்தியாளர்கள் பலர் அறிவுறுத்துகின்றனர். சரக்கை இறக்கிவிட்டு மழையில் வெறுமையாகத் திரும்பும் பிக்கப்பின் பின்புறம் இலேசானது. அங்கே மொட்டை டயர் இருந்தால் வண்டி சுழன்றுவிடும். ஆயினும் முன்னால் இருப்பதும் நல்ல டயராகவே இருக்கவேண்டும். ஸ்டெப்னியை மறவாதீர்கள். அது கழித்துப்போட்ட டயருக்கு இருப்பிடம் அன்று. பாரத்துடன் நடுவழியில் நிற்கும்போது நம்மை வீட்டிற்குக் கொண்டுசேர்க்கவேண்டியது அதுவே.

சங்கம் செய்யக்கூடியது

தனித்தனியே சென்று விலை கேட்டால் கடைக்காரர் சொன்னதே விலை. பத்து வண்டிகளுக்கு நாற்பது டயர் என்று சங்கம் கேட்டால் பேச்சு வேறு. உரங்களையும் நூலையும் ஒன்றாக வாங்கிப் பழகிய நமக்கு இது புதிதன்று. சங்கக் கிடங்கில் நம்பத்தக்க ஒரு காற்றழுத்தமானி வைக்கலாம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, டயர் போட்ட நாள், விலை, ஓடிய தூரம், கழற்றிய காரணம் ஆகியவற்றை ஒரு பேரேட்டில் எழுதிவரலாம். இரண்டாண்டுகளில் அப்பேரேடு எந்த விற்பனையாளரைவிடவும் நல்ல ஆலோசனை கூறும்.

அனைத்திற்கும் மேலாக, சரக்கு ஏற்றும்போது நாம் கட்டுப்பாட்டைக் கைக்கொள்ளவேண்டும். எடைக்கு மேல் ஒரு பெட்டியும் ஏற்றுவதில்லை என்று சங்கமே தீர்மானம் நிறைவேற்றினால், ‘முடியாது ஐயா’ என்று சொல்ல ஓட்டுநருக்குத் துணிவு பிறக்கும். இன்று அவர் அவ்வாறு சொன்னால் அடுத்த நடை வேறொருவருக்குப் போய்விடுகிறது. அந்த அச்சத்தை நீக்க நம்மால்தான் முடியும்.

சூளகிரி சாலையோரத்தில் நாம் கண்ட இளைஞர் உயிர் தப்பியது நற்பேறு. அடுத்த மாம்பருவத்தில் நமது பெட்டிகளைச் சுமந்துசெல்லும் ஓட்டுநர் நற்பேற்றை நம்பிப் போகவேண்டியதில்லை. எடை மேடைச் சீட்டையும் டயரின் பாரக் குறியையும் அருகருகே வைத்துப் பார்த்த பின்னரே வண்டியைப் புறப்படச் செய்வோமாக.